மார்பு தொட்டால்தான் ஒன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. பத்திரிகை ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டு, "உடல்நலச் சிறப்பிதழ் போடுறோம். நீங்க உடற்பயிற்சி ஏதாவது செய்றதுண்டா?" என்று கேட்டார். "தினமும் முப்பது தண்டால்" என்றேன். ஏன் முப்பது? இருபது என்றால் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரியும், ஐம்பது என்றால் என் குரலைக் கேட்டவர் யாரும் நம்பமாட்டார். "அட, அதையே கதையாக் குடுங்களேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அன்று சாயங்காலம் தரையில் படுத்துப் பார்த்தேன். மூன்று. (மூன்றாவது விவாதத்துக்குரியது.)

ஒரு மனிதரால் எத்தனை தண்டால் எடுக்க முடியும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. சொல்வது ஒன்று, எடுப்பது ஒன்று. உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் என் தெரு ஆசாமியிடம் கேட்டேன். "முறையா எடுக்கச் சொல்லுங்க, நாப்பது பத்தாயிரும். பத்து பூஜ்யமாயிரும்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்குக் கதை கிடைத்தது.

2

தொடக்கம் ஒன்று: காலைச் சூரியன் எடைக்கற்களின் மேல் பொன்னாகப் பொழிந்து—

வேண்டாம். கதை நடக்கும் அலுவலகத்துக்குள் சூரியன் வர வழியே இல்லை. சன்னலைக் கோப்பு அலமாரி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

தொடக்கம் இரண்டு: உடல் என்பது ஒரு கோயில் என்றால்—

ஐயோ, வேண்டவே வேண்டாம்.

தொடக்கம் மூன்று: கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் அலுவலகத்தில் ஒரு பரிசோதகர் இருந்தார். சரி, இது போதும். இப்படியே போவோம்.

அவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் மில்லி. ஒரு மில்லிகிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் வந்த பெயர். வயிற்றெரிச்சலில் வைத்ததுதான், ஆனால் அவருக்கு அது உள்ளூர இனித்தது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்தவர். அவருடைய ஈய முத்திரை தொங்குகிற தராசில் சாமான் வாங்குகிறவர்கள் முள்ளைப் பார்ப்பதில்லை, பையை நீட்டிவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். அவரிடம் இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். அது போனால் அவர் ஈயக்கட்டியும் இடுக்கியும் சுமந்து திரியும் ஒரு ஆள், அவ்வளவே.

3

தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இந்த மாதம் உடல்நல மாதம். ஒவ்வோர் ஊழியரும் தம்மால் எடுக்க முடிந்த தண்டால்களைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். அலுவலகச் சராசரி இருபதுக்குக் கீழே போனால் அதிகாரி விளக்கம் எழுத வேண்டும்.

அதிகாரி அம்மாவுக்கு விளக்கம் எழுதுவதென்றால் காய்ச்சல் வரும். ஆகவே படிவங்களை நடைவழிப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினார். விளைவு எதிர்பார்த்ததுதான். தட்டச்சர் இருபத்தைந்து போட்டார். அவரைப் பார்த்துக் கோப்பறைக்காரர் முப்பது போட்டார். நாற்காலியிலிருந்து எழும்போதே மேசையைப் பிடித்துக்கொள்ளும் காரோட்டி அறுபது போட்டார். மில்லி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கல்லூரிக் காலத்தில் நாற்பது எடுத்த ஞாபகம். யாரும் எண்ணவில்லை, அவரே எண்ணியது. நாற்பது என்று எழுதிவிட்டார்.

(இங்கே என் தங்கை குறுக்கிட்டாள். என் வரைவுகளை முதலில் படிப்பவள் அவள். "மில்லிகிராமுக்கு உயிரை விடற ஆளு, தன் கணக்குல மட்டும் எப்படிக் கோட்டை விடுவாரு? நம்பற மாதிரி இல்லையே" என்றாள். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அவர் வாழ்நாளில் சோதித்ததெல்லாம் அடுத்தவர் தராசு.)

விவகாரம் இதோடு முடிந்திருக்கும். ஆனால் இது சரிபார்ப்பவர்களின் அலுவலகம் ஆயிற்றே. "எண்ணிக்கை மட்டும் போதுமா? சோதிச்சுப் பாக்க வேணாமா?" என்று ஒருவர் கிளப்பினார். "எதை ஒரு தண்டால்னு ஒத்துக்கிறது? அதுக்கு வரையறை வேணுமில்ல?" என்றார் இன்னொருவர். வரையறை எழுதும் வேலை இயல்பாகவே மில்லியின் தலையில் விழுந்தது. அவரும் ஆசை ஆசையாக எழுதினார்.

கைகள் தோளுக்கு நேர்கீழே இருக்க வேண்டும். தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே கோடாக நிற்க வேண்டும். தரையில் அரைக்கிலோ எடைக்கல் ஒன்று வைக்கப்படும், மார்பு அதைத் தொட்டால்தான் கீழே இறங்கியதாக அர்த்தம். முழங்கை முழுதாக நிமிர்ந்தால்தான் மேலே வந்ததாக அர்த்தம். இடுப்பு தொங்கினால் நிராகரிப்பு. இடுப்பைத் தூக்கினாலும் நிராகரிப்பு. முழங்கால் தரையில் பட்டால் சோதனை அத்துடன் முடிவு.

எழுதியதை அதிகாரி மனசாரப் பாராட்டினார். எழுதியவர் அதன்படி ஒன்றுகூட எடுத்துப் பார்க்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்தான்.

4

வீட்டில் பார்த்தார். கூடத்தில் அரைக்கிலோ கல்லை வைத்து, கையூன்றி, உடம்பைக் கோடாக நிறுத்தி, மெல்ல இறங்கினார். மார்பு கல்லைத் தொட்டது. மேலே வர ஒரு யுகமாயிற்று. அடுத்ததில் தொடுவதற்கு முன்பே கை நடுங்கிக் குப்புற விழுந்தார்.

ரொட்டித் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக மாவு பிசையும் அவருடைய மனைவி துணி மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எறங்கினவரு அங்கேயே குடியேறிட்டீங்க?"

"சும்மா இரு. மூச்சுக் கணக்குத் தப்பிருச்சு."

அவள் துணியை வைத்துவிட்டு வந்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், குனிந்தாள். பன்னிரண்டு எடுத்தாள். பன்னிரண்டும் கல்லைத் தொட்டன. "இதுக்கா ஆபீசையே மூடிட்டு அலையறீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி துணி மடிக்கப் போனாள்.

"உன் வேலை கைக்கு வேலை. என்னுது கண்ணுக்கு வேலை."

"அப்ப கண்ணால எடுங்க."

(இந்த மனைவியை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே பயமாகவும் இருக்கிறது. இத்தகைய கதைகளில் ஆண் சறுக்குவான், பெண் நிமிர்ந்து நின்று ஞானம் பேசுவாள். அது அலுத்துவிட்டது. ஆகவே ஒரு திருத்தம்: அன்று ராத்திரியே அவள் தன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இருவத்தஞ்சு எடுத்தேன்க்கா, மூச்சுகூட வாங்கல" என்று சொன்னாள்.)

மில்லிக்கு அவமானமாக இருந்தது. நாற்பது பலகையில் ஒட்டியிருக்கிறது, அதன் கீழே அவருடைய கையெழுத்தும். அதிகாரியிடம் போய்த் தப்பு என்று சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தார். மூன்று நாளும் காரோட்டி எதிரில் வந்து, "என்ன சார், நாப்பதா? பலே!" என்று முதுகில் தட்டினார்.

5

இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: தன் கருவியைத் தானே சோதித்து யாரும் சான்று தரக்கூடாது, வெளியாள்தான் சோதிக்க வேண்டும். இதைத் தண்டாலுக்கும் பொருத்தினார்கள். "நம்ம ஆளுக்கு நம்ம ஆளே எண்ணினா நல்லாவா இருக்கும்?" என்றார் அதிகாரி. வெளியாளுக்கு எங்கே போவது? அலுவலகத்துக்குத் தெரிந்த வெளியாட்கள் கடைக்காரர்கள் மட்டுமே. வியாபாரிகள் சங்கத்துக்குக் கடிதம் போயிற்று. நேர்மைக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், தாங்கள் யாரைச் சோதிக்கிறார்களோ அவர்களையே கூப்பிட்டுத் தங்களைச் சோதிக்கச் சொன்னார்கள்.

மில்லிக்குச் சீட்டுக் குலுக்கலில் வந்தவர் மளிகைக்காரர். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவருடைய தராசை மில்லி நிராகரித்து, சிவப்பு அட்டை கட்டிவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு நிறுவைக்கும் மூன்று கிராம் குறைவு. மறுசோதனை, தண்டால் சோதனைக்கு மறுநாள். சோதிக்கப் போவதும் மில்லிதான்.

(இப்படியா வந்து பொருந்தும் என்று தங்கை முகம் சுளித்தாள். பொருந்தாது. நான்தான் பொருத்தினேன். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?)

6

சோதனை கோப்பறையில், ஒவ்வொருவராக. மில்லியும் மளிகைக்காரரும் உள்ளே போனார்கள். மளிகைக்காரர் தானே கதவைச் சாத்தினார், கல்லைத் தரையில் வைத்தார், எண்ணிக்கைச் சீட்டை மடிமேல் விரித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

மில்லி இறங்கினார். மார்பு கல்லைத் தொட்டது. நிமிர்ந்தார்.

"ஒண்ணு. பிரமாதம்!"

இரண்டாவதில் மார்புக்கும் கல்லுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. மில்லி காத்திருந்தார், 'நிராகரிப்பு' என்ற சொல்லுக்காக.

"ரெண்டு."

மூன்றாவதில் முழங்கால் தரையில் பட்டது.

"மூணு."

நான்காவது என்று ஒன்று இல்லை. மில்லி குப்புற விழுந்து, கன்னத்தைத் தரையில் வைத்து மூச்சு வாங்கினார். தலைக்கு மேலே குரல் அதே நிதானத்தோடு போய்க்கொண்டிருந்தது.

"நாலு. அஞ்சு. ஆறு..."

"ஐயா, நான் எடுக்கலையே!"

"நீங்க படுங்க சார். நான் எண்ணிக்கிறேன்."

மில்லி எழுந்திருக்க வேண்டும். எழுந்து, நிறுத்துய்யா என்று கத்த வேண்டும். ஆனால் தரை சில்லென்று இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது என்று எண் ஏற ஏற, மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று தெரிந்தபோதுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பத்தொன்றில் ஒருமுறை தலையைத் தூக்கினார். மறுபடி கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டார்.

"முப்பத்தொம்பது. நாப்பது! அடேயப்பா, சொன்ன சொல் தவறாத மனுசன்."

"என்னய்யா இது?" என்றார் மில்லி, முழங்காலில் நிமிர்ந்து. "கடையிலயும் இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"கடையில கஞ்சமா எண்ணுவேன் சார். அதானே உங்க புகாரு?" மளிகைக்காரர் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. "உங்களுக்கு முப்பத்தொம்பது கொறையுது, எனக்கு மூணு கிராம் கொறையுது. மனுசனுக்கு மனுசன் இதுகூட விட்டுக் குடுக்கலன்னா எப்படி?"

எண்ணியவர் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். "அதை நீங்களே போட்ருங்க சார். உங்க கையால போட்டாத்தான் அழகு."

வெளியே அதிகாரி கதவைத் தட்டினார். "முடிஞ்சுதா? எத்தனை?"

7

முடிவு அ: மில்லி 'ஒன்று' என்று எழுதுகிறார், கதவைத் திறக்கிறார், நடைவழியே எழுந்து நின்று கை—

தட்டாது. காரோட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மில்லி என்ற பெயர் அன்றோடு போய், ஒண்ணு என்ற பெயர் வரும்.

முடிவு ஆ: 'நாற்பது' என்று எழுதுகிறார். சராசரி காப்பாற்றப்படுகிறது. மறுநாள் மளிகைக்கடையில் முள்ளைப் பார்க்கும்போது அவர் கண்ணில் தூசி விழுகிறது.

முடிவு இ, என் தங்கை சொன்னது: அதிகாரி சாவித்துவாரம் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். இதை நான் எழுதுவதாக இல்லை. யாராவது பார்த்ததால் ஒருவர் உண்மை சொன்னார் என்பதில் என்ன இருக்கிறது?

மூன்றையும் அடித்துவிட்டேன். 'ஒன்று' என்று நான் எழுதினால், நல்ல மனிதரைப் படைத்தவன் என்று எனக்குப் பெயர் வரும். 'நாற்பது' என்று எழுதினால், மனிதர்களைப் புரிந்தவன் என்று எனக்குப் பெயர் வரும். இரண்டிலும் தரையில் கிடந்தது அவர்தான். என்னால் முடியாது.

பேனாவை உங்களிடம் தருகிறேன். அந்த ஆள் பாவம், இன்னும் முழங்காலில்தான் நிற்கிறார். உங்களுக்கும் அவர்மேல் இரக்கம் வந்திருக்கும், விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கும். தாராளமாக விடுங்கள். ஒரே ஒரு தகவல்: அந்த மளிகைக்கடை உங்கள் தெருவில்தான் இருக்கிறது. நாளைக்கு அங்கே பையை நீட்டப் போவது நீங்கள்.

எழுதுங்கள்.

எண்ணிக்கை: ________