இன்னும் மலையேறவில்லை

1

இந்தக் கதை ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். பம்பைக்காரர் வரவில்லை. ஆடி ஞாயிறு அவரைப் பத்துத் தெரு கூப்பிடும், மாடம்பாக்கத்தில் மாட்டிக்கொண்டார். விழாவை நடத்திய பிரசன்னாவுக்கு கூரியர் கம்பெனியில் வேலை. எதற்கும் அசராதவன்.

"இன்னாத்துக்கு பேஜாராவுறீங்க? போன்ல கீது" என்று ஒரு பம்பைப் பாட்டைத் தேடி ஸ்பீக்கரில் ஓடவிட்டான்.

சாமி வந்துவிட்டது. என் தோழி சுஜி மேல்.

(வெளியூர் வாசகருக்கு ஒன்று. பம்பையை அடித்து, அம்மனை வர்ணித்துப் பாடிச் சாமியை இறக்குகிறவரே கடைசியில் தாளத்தை மாற்றி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மலையேற்றுவது என்போம். கூப்பிட்டவர்தான் அனுப்ப வேண்டும். இது புரிந்தால் போதும்.)

பாட்டின் நடுவில் நகைக்கடன் விளம்பரம் வந்தது. கூட்டம் சிரித்தது. பிரசன்னா பதறிப்போய் ஸ்பீக்கரை அணைத்தான். சுஜி கண்ணைத் திறந்தாள், கூழ் குடித்தாள், வீட்டுக்குப் போனாள்.

யாரும் எதையும் அனுப்பவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆடிக் காற்றில் வேப்பிலை சலசலக்க, அவிழ்ந்த அவள் கூந்தல்—"

கூந்தலாம். சுஜி கிளிப் போட்டிருந்தாள்.

இரண்டாவது: "கடும் மனஅழுத்தத்துக்கு ஆளாகும் இளம்பெண்களிடம் காணப்படும்—"

இதை எழுதியது என் பட்டம். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான், அதுவும் சைக்காலஜி. சேலையூர் ஃப்ளாட்டில் ஒருத்தி ஹெட்போனை மாட்டி, செயலிக்குள் எவனோ மூச்சை இழு என்று சொல்ல, கண்ணீர் விட்டால் அது தியானம். எங்கள் தெருவில் ஒருத்தி கண்ணீர் விட்டால் அது வியாதி. அந்த வியாதிப் பெயர்களைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். என் தோழி மேல் ஒட்ட மாட்டேன்.

மூன்றாவதில் சுஜி நடித்தாள் என்று வைத்தேன். பிடிக்காத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல வாயில்லாமல், சாமியின் வாயால் சொல்கிறாள். வசதியான கதை. அவளிடமே படித்துக் காட்டினேன்.

"எவன்டி மாப்பிள்ள?"

"கதைக்குடி."

"நான் நடிச்சேன்னா உனுக்கு தூக்கம் வரும். அதான?"

சிரிக்காமல் கேட்டாள். அன்றைக்கு மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேசிப் பேசி என் டீ ஆறிவிட்டது. அவள் கையிலிருந்த கிளாஸில் இன்னும் ஆவி பறந்தது.

3

சுஜிக்குப் பெருங்குடியில் கால் சென்டர் வேலை. யார் என்ன திட்டினாலும் "சாரி சார்" சொல்ல வேண்டும். கூழ் ஊற்றிய மறுநாளும் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

அன்றிலிருந்து, திட்டக் கூப்பிடுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு ஆள் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, பெண்டாட்டியை அடித்ததைச் சொல்லி அழுதானாம். இவள் எதுவும் கேட்கவேயில்லை. சிலர் "பின்னாடி மேளம் அடிக்கிறாங்களா மேடம்?" என்றார்களாம். டீம் லீடர் பதிவுகளைப் போட்டுக் கேட்டார். மேளம் இல்லை. சுஜியின் குரலும் இல்லை. வாடிக்கையாளர் மட்டும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

(இந்த இடத்தில் நான் ஒரு விளக்கம் வைக்க வேண்டும். ஹெட்செட் கோளாறு, அந்த மாதிரி. உங்களைவிட எனக்குத்தான் அது அவசரமாகத் தேவைப்பட்டது. கிடைக்கவில்லை.)

அவள் அப்பா பெயர் சேட்டு, ஆட்டோ ஓட்டுகிறவர். குடித்தால் கை நீளும். இப்போது தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்.

"இன்னா பண்ணா உங்கள?" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் பண்லம்மா. பாத்துச்சு."

இத்தோடு நிறுத்தினால் இது சந்தோஷமான கதை. ஆனால் கூழ் ஊற்றிய அன்று சுஜிக்கு வந்த காய்ச்சல் இறங்கவேயில்லை. கேம்ப் ரோடு டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் ஒன்றும் அகப்படவில்லை. அவள் தூங்குவதில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வந்தது வந்தபடியே இருக்கிறது. இருக்கிற இடம்தான் எரிகிறது.

4

சுஜியின் அம்மா கனகவல்லி அத்தை என்னைத் தேடி வந்தார்.

"வெள்ளிக்கிழம பம்பைக்காரர் வராரு. ஸ்பீக்கரு கூப்ட்டத நான் எப்டிம்மா அனுப்புறதுன்னு தலைய சொறியறாரு. இருந்தாலும் அடிச்சிப் பாக்குறேன்னாரு. சுஜிதான் வரமாட்டேன்னுது. படிச்ச பொண்ணு, நீ சொன்னா கேக்கும். கூட்டினு வாம்மா. எம்பொண்ணு எரிஞ்சி பூடும்."

சுஜியிடம் சொன்னேன்.

"வேலையில சேந்ததுலேர்ந்து கண்டவனுக்கும் சாரி சொல்லிகினு இருந்தேன்" என்றாள். "வூட்டுக்கு வந்தா அப்பனுக்கு. இப்பதான்டி நிமிந்து உக்காந்துகினுகீறேன்."

"செத்துருவடி லூசு."

"தெரியும். அதான் பேஜாரு."

5

முடிவு ஒன்று: கூட்டிக்கொண்டு போகிறேன். மலையேறுகிறது. காய்ச்சல் விடுகிறது. திங்கட்கிழமை முதல் அழைப்பிலேயே ஒருவன் அவள் தாயை இழுத்துத் திட்டுகிறான். "சாரி சார்." சேட்டு வீட்டுக்குள் செருப்போடு வருகிறார்.

முடிவு இரண்டு: கூட்டிக்கொண்டு போகவில்லை. பெருங்களத்தூரிலிருந்தெல்லாம் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து வாசலில் நிற்கிறார்கள். பிரசன்னா வரிசையை ஒழுங்குபடுத்துகிறான். ஒருநாள் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, கதவுப்பலகை சுடுகிறது, உடைத்து உள்ளே போனால்—

(எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டேன். கேட்காதீர்கள்.)

முடிவு மூன்று: சாமி போகிறது, தைரியம் மட்டும் தங்கிவிடுகிறது. இலக்கியக் கூட்டத்தில் வாசித்தால் கைதட்டல் விழும். என் கோபம் கேட்டதும் இதைத்தான். ஆனால் "சாரி சார்" சொன்னால்தான் சம்பளம் என்கிற கம்பெனி அப்படியேதான் இருக்கும். சேட்டுவின் கையும் அப்படியேதான் இருக்கும். வெறும் தைரியத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இந்த முடிவை நானே நம்பவில்லை.

6

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம். கோயிலில் பம்பை தொடங்கிவிட்டது. ஸ்பீக்கர் இல்லை, நிஜத் தோல். சுஜி கட்டிலில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

"எதுவரைக்கும் வந்துகீற?"

"முடிவுக்கு."

"போறேனா நானு?"

"தெரியலடி. நீ சொல்லு."

"நான் சொன்னா அது சொன்னா மாரி ஆயிரும். அது சொன்னா நான் சொன்னா மாரி ஆயிரும். நீதான எழுதுற?"

"எழுதுறேன்னா? உன் உசுர நான் எப்டிடி முடிவு பண்றது?"

என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். சுடுகிறது. இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்போ படிக்கிறவங்கள கேளு" என்றாள். "எங்க வூட்டு கதைய இம்மா நேரம் குந்திகினு பாத்தாங்கல்ல?"

வாசலில் அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பம்பை வேகமெடுக்கிறது. சுஜியின் தோள் மெல்ல ஆடத் தொடங்கிவிட்டது. பயத்திலா, வேறெதிலா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன்.

அனுப்பலாம் என்றால் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறேன். வேண்டாம் என்றால் கதவைச் சாத்துகிறேன். எதைச் சொன்னாலும் அதற்கப்புறம் அவள் உங்கள் பொறுப்பு. எனக்கு ஒற்றைக் கைதான் மிச்சம், இதற்குமேல் தட்ட முடியாது.

சொல்லுங்கள். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், மனதுக்குள் சொன்னாலே கேட்கும் என்கிறாள்.