மடுவம் தெரிகிற தூரம்

பந்தலூரில் எண்ணூறு மீட்டர் ஓட்டம் பயிற்றும் ஞானசீலன், எதையும் நொடிக்கணக்கில் சொல்வதே பயிற்சியின் உயிர் என்று நம்பியவர். முதல் சுற்று எழுபது, கடைசி இருநூறு மீட்டர் முப்பத்து நான்கு என்று, தம் இரண்டு மாணவியருக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுத்திருந்தார்.

"சார் வாயைத் தொறந்தா வாய்ப்பாடுதான்," என்று சுமலதா கேலி செய்வாள். ஆயினும் அவளுக்கு எண்கள் பிடிபட்டன. கனிஷ்கா சிரிப்பதோடு சரி.

ஊட்டியில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு நடந்தது. இருவருக்கே இடம். வயது வரம்பின்படி கனிஷ்காவுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் திருப்பூர் பனியன் கம்பெனி. கடைசி வளைவில் அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். ஞானசீலன் கயிற்றோரம் நின்று, "முப்பத்து நாலு, முப்பத்து நாலு," என்று கத்தினார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்குள் சுமலதா அவளைக் கடந்து இரண்டாமிடத்தைப் பிடித்துவிட்டாள்.

திரும்பும் பேருந்தில் கனிஷ்கா மெல்லச் சொன்னாள்: "நீங்க நம்பர் சொன்னா மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிருதுங்க சார். காலு நின்னுருது."

"பின்ன எப்படித்தான் ஓடுவே?"

"தோட்டத்துச் சங்கு ஊதுனதும் அம்மாவோட தேயிலைக் கொழுந்துச் சாக்கை எடை போடுற மடுவத்துக் கொட்டகைக்கு நான்தாங்க தூக்கிட்டு ஓடுவேன். ஓடைப்பாலம் வரைக்கும் மூச்சை அடக்கணும். மடுவம் தெரிஞ்சா விட்டுறணும். மனசுக்குள்ள அதைத்தான் ஓடுவேன்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே சார்."



மறுநாள் காலை, ஈரம் காயாத பள்ளி மைதானத்துக்கு அவளை வரவழைத்தார். இம்முறை எண் ஒன்றும் சொல்லவில்லை. பாதித் தூரத்தில், "பாலம் வந்துருச்சு," என்றார். கடைசி வளைவில், "மடுவம் தெரியுது பாரு," என்றார். அவள் சிட்டாய்ப் பறந்து வந்தாள்.

கடிகாரம் இரண்டு நிமிடம் பத்தொன்பது நொடி காட்டிற்று. ஊட்டியில் முதலாவதாக வந்தவளுக்கு ஆனது இரண்டு நிமிடம் இருபத்தொரு நொடி.

"எத்தனைங்க சார்?"

ஞானசீலன் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அமுக்க மறந்துட்டேன்மா."

"பரவால்லீங்க சார்." அவள் குனிந்து, பள்ளியில் கொடுத்திருந்த காலணிகளைக் கழற்றிச் சேற்றைப் புல்லில் துடைத்தாள். "சுமலதாவுக்கு இது சரியா இருக்கும். குடுத்துருங்க. சாயங்காலம் திருப்பூர் பஸ்ஸு, நான் பை கட்டணும்."

வெறுங்காலோடு அவள் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பாதையில் இறங்கினாள். அப்போதும் நடக்கவில்லை, ஓடித்தான் போனாள்.