உறைக்காரி கட்டிய நகரம்

1
இக்கதையின் நாயகியை வீட்டார் ‘உறைக்காரி’ என்றழைப்பர். தொலைக்காட்சி ரிமோட் முதல் குடை வரை எதற்கும் அளவெடுத்து உறை தைத்துவிடுவாள். கைகழுவித் துடைக்காமல் தன் கையடக்க விளையாட்டுக் கருவியைத் தொடமாட்டாள். கீழ்வீட்டில் வசிக்கும் அவள் ஒருநாள் என் பூதக்கண்ணாடியை இரவல் கேட்டாள். எதற்கென்று வினவினேன், கதை கிடைத்துவிட்டது.

2
முதல் தொடக்கம்: ‘கருவிக்கு வயதாகிவிட்டது, ஆகவே—’

வேண்டாம். வயதின்மீது பழிபோடுவது எளிது.

அக்கருவியின் இடப்பக்க ஜாய்ஸ்டிக், விரலால் சாய்த்து இயக்கும் சிறு குமிழ், தொடாமலே சாயத் தொடங்கியிருந்தது. விளையாட்டுக்குள் பல ஆண்டுகளாக அவள் ஒரு நகரம் கட்டி வந்தாள். இப்போது போடும் சாலையெல்லாம் தானாகத் திரும்பிக் கடலுக்குள் இறங்கியது. நகரமோ அக்கருவியின் நினைவகத்தில் மட்டுமே இருந்தது. வேறெதற்கும் மாற்ற வழியில்லை.

“அக்கா, ரோடு போடச் சொன்னா கப்பல் விடுவே போலிருக்கே!” என்றான் தம்பி. “நாளைக்கு இதைக் கடையில குடுத்துட்டுப் புதுசு வாங்கிடலாம். என் செலவு.”

“அந்த ஊர்ல இருக்கிறவங்க எங்கடா போவாங்க?”

“எந்த ஊர்ல?”

“நான் கட்டின ஊர்ல.”

(இங்கே எனக்கே ஐயம் எழுந்தது. மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரியும் பெண் இதற்காகக் கலங்குவாளா? அவளைப் பள்ளிச் சிறுமியாக்கிவிடலாமா? பிறகு, அச்சேறாத என் கையெழுத்துப் படிகளை நான் கட்டிக் காப்பது நினைவுக்கு வந்தது. அவளை அவளாகவே விட்டுவிட்டேன்.)

3
தம்பியறியாமல் புதிய ஜாய்ஸ்டிக் ஒன்றை வரவழைத்திருந்தாள். என் பூதக்கண்ணாடி வழியே பார்த்துத் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டிவைத்தாள். கருவியை அதன் உறையருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. இம்மியும் இடைவெளியின்றித் தைத்த அவ்வுறை, ஜாய்ஸ்டிக்கை நாள்தோறும் ஒருபுறமாக அழுத்தியே வைத்திருந்தது.

“அப்போ கெடுத்ததே நீதான்!” அவள் சொல்லக் கேட்டு, அருகே வந்து நின்ற தம்பி துள்ளினான். “தூக்கித் தூக்கிப் போட்ட என்னோடது ஜம்முனு இருக்கு!”

“ஆமாடா, நான்தான் கெடுத்தேன். வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு.”

4
கதைக்கு ஒரு விபத்து வேண்டும். ஆதலால் எழுதினேன்: ‘ஜாய்ஸ்டிக்கின் மெல்லிய இணைப்பு நாடா கிழிந்தது, நகரம் இருளில்—’

அவள் கிழியவிடவில்லை. மூச்சையடக்கி, நகநுனியால் அதைப் பிடித்திருந்த சிறு பூட்டை நெம்பி, நாடாவை அலுங்காமல் உருவினாள். புதிய ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தினாள். திரை ஒளிர்ந்தது. நகரத்தின் நடுவே சுட்டி அசையாமல் நின்றது.

என் வாக்கியத்தை அடித்துவிட்டேன். ஒரு கதாபாத்திரத்திடம் தோற்று இவ்வளவு நிமிர்ந்து நான் உட்கார்ந்ததில்லை.

5
வாசகரே, தம்பி வெட்கித் தலைகுனிந்தான் என்று முடிக்கலாம். புதுக்கருவியோடு வந்து நின்றான் என்றும் முடிக்கலாம். விருப்பமானதைத் தேர்ந்துகொள்ளுங்கள் எனச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே கேட்டுவிட்டான்:

“சரி, நாளைக்குக் கடைக்கு வரியா, இல்லையா?”

“வரலடா. இதையே வெச்சுக்கறேன். கெட்டுப்போனா மறுபடியும் நானே திறப்பேன்.”