திரையில் வராத எண்

அலுவலகத்தில் அவர்களுக்கு ஜோடிப்புறா என்று பெயர். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அடுத்தடுத்த மேசை, ஒரே சாப்பாட்டுப் பை, போக வர ஒரே வண்டி. மீன் வளர்க்கும் குளங்களில் கருவி வைத்து, தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை நொடிக்கு நொடி அளந்து காட்டுகிற கம்பெனி அது. ஆக்ஸிஜன் குறைந்தால் மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். அதனால் ஓடி வருகிற எண்களில் ஆகக் குறைந்தது எது என்பதுதான் குளத்துக்காரருக்குத் தெரிய வேண்டும்.

அந்த எண்ணைப் பிடிக்கும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் அவள். ரியாக்டிவ் முறையில் எழுதியிருந்தாள். எண்கள் ஓடை மாதிரி வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்று வரும்போதும் நிரல் தானே விழித்து வேலை செய்யும். குளத்துக்காரர் யாருடைய நிரலை ஒப்புக்கொள்கிறாரோ, அதை எழுதியவருக்கே அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அடுத்தவர் எழுதியதைத் திருத்தித் திருத்தியே காலத்தைத் தள்ளியவளுக்கு அந்தப் பொறுப்பின் மேல் ஆசை இருந்தது. ஆசைப்பட்டால் என்ன தப்பு?

குளத்துக்காரருக்குக் காட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த புருஷன் பக்கம் லேப்டாப்பைத் திருப்பினாள்.

"ஒரு தடவை பாத்து சொல்லுங்களேன். எங்கயாவது உதைக்குதா?"

மேலிருந்து கீழே பார்த்தான். மறுபடி மேலே போய் ஒரு வரியில் கொஞ்ச நேரம் நின்றான். "பிரமாதமா இருக்கு. கண்ண மூடிக்கிட்டுப் போடு," என்றான். அவளும் மாங்கு மாங்கென்று தலையாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

காட்டவேண்டிய நாள் வந்தது. குளத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையின் ஓரத்தில் குளத்திலிருந்து எண்கள் சரசரவென்று இறங்கின. நடுவில் ஒரு பெரிய கட்டம், குறைந்த எண் வரவேண்டிய இடம். அது காலியாக இருந்தது.

"இப்ப வந்துடும்," என்றாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். குளத்துக்காரர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் போட்டிருந்தது, மினிமத்தைச் சுருக்கி 'மின்' என்கிற தயார்க் கட்டளை. அது எல்லா எண்ணையும் பார்க்கும், ஆனால் ஓடை முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். வீட்டில் அவள் சோதித்தது பழைய பதிவை வைத்து. அதற்கு முடிவு இருந்தது, விடையும் வந்தது. உயிரோடு இருக்கிற குளத்துக்கு ஏது முடிவு?

"சார், எங்கிட்ட ஒண்ணு தயாரா இருக்கு," என்று புருஷன் எழுந்தான். தன் லேப்டாப்பை மாட்டினான். கட்டத்தில் பளிச்சென்று எண் வந்தது. அதைவிடக் குறைந்தது வந்ததும் மாறியது. குளத்துக்காரர் கையை அவிழ்த்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

அப்பாடா, மானத்தைக் காப்பாற்றினாரே என்றுதான் முதலில் நினைத்தாள், பைத்தியக்காரி. பிறகு உற்றுப் பார்த்தாள். அவள் வரைந்த கட்டம், அவள் தேர்ந்தெடுத்த நிறம், அவள் எழுதிய வரிகள். 'மின்' இருந்த இடத்தில் மட்டும் 'ஸ்கேன்'. அது வருகிற எண்ணை அப்போதைக்கப்போதே ஒப்பிட்டு விடை சொல்லும். குளத்தோடு இணைத்து இதையெல்லாம் தயார் செய்ய ஒரு நாளாவது வேண்டாமா?

மாடிப்படியில் அவனை மறித்தாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஞாயித்துக்கிழமையே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ திருத்தியிருப்ப." கூசாமல் சொன்னான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "யாருக்குக் கிடைச்சா என்னம்மா? ஒரே வீடுதானே?"

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, கட்டுப்போடவும் அவனே வந்து நிற்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று படியேறினாள்.

மத்தியானம் ஆபீஸில் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். "நாளைக்கு இதக் குளத்துல ஏத்தணும். ஒரு தடவை பாத்துடேன். நீ பாத்தாதான் எனக்கு நிம்மதி." என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

பார்த்தாள். பார்த்ததும் ஓட்டை தெரிந்தது. அந்தக் கட்டத்தில் எண் இறங்கும், ஏறவே ஏறாது. விடியற்காலை ஆக்ஸிஜன் குறைந்து பகலில் சரியானாலும், விடியற்காலை எண்ணையே காட்டிக்கொண்டு, குறைந்தால் அடிக்கிற அலாரம் நிற்காமல் அலறும். எரிச்சலில் குளத்துக் காவல்காரர் அதை அணைத்து வைப்பார். அடுத்த தடவை நிஜமாகவே குறையும்போது குளம் முழுக்கப் பிணமாக மிதக்கும்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவனும் அதைத்தானே செய்தான். ஆனால் மீன் அவளுக்கு என்ன துரோகம் செய்தது?

"கடைசி அரை மணி நேரத்துல வந்ததுல எது கம்மின்னு மட்டும் பாக்கணும்," என்றாள். "பழசத் தள்ளிடணும்."

அவன் மளமளவென்று தட்டினான். மேனேஜர் அறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அவளையும் கூப்பிட்டார்கள்.

"பாருங்கம்மா," என்றார் மேனேஜர் பூரிப்போடு. "தான் எழுதினதுலயே ஓட்டையக் கண்டுபிடிச்சு, தானே அடைச்சுட்டு வந்து நிக்கறாரு. இனிமே அந்தப் பிரிவு இவரோடது. வீட்லயே இப்படி ஒரு வாத்தியார வச்சுக்கிட்டு, நீங்க எழுதினத அவர்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கக் கூடாதா?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. காட்டினேனா இல்லையா?"

போன பொறுப்பு போகட்டும், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அவன் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தான்.

"எங்க சார், எங்கிட்ட காட்டவே இல்லையே."

மேனேஜர் 'த்சொ' கொட்டினார். அவள் புருஷன் முன்னால் கையை நீட்டினாள்.

"இனிமே அது ஒரே வீடு இல்ல. வீட்டுச் சாவியக் குடுங்க," என்றாள்.