வரிசையில் காலியிடம்

நெவேனா காரை விட்டு இறங்கியபோது தம்பி ஜிவ்கோ வாய்க்கால் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "வாங்க ஆராய்ச்சியம்மா" என்றான். அக்கா என்று கூப்பிடாமல் ஆராய்ச்சியம்மா என்றால் அவன் வயிற்றெரிச்சலில் இருக்கிறான் என்று அர்த்தம். அவனுக்குப் பின்னால் வயல் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்காலை ஒட்டிய மிளகாய்ச் செடிகளெல்லாம் பிழிந்து உதறாமல் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. காய்கள் மட்டும் இன்னும் விஷயம் தெரியாதவை போலச் சிவந்துகொண்டிருந்தன. ஆகஸ்ட் வெயிலில் அழுகல் வாடை மூக்கைத் துளைத்தது.

மூன்று வருஷமாக இந்த வயலில் இதே கூத்துதான். மரித்சா ஆற்றுப் பக்கத்து மண்ணில் மிளகாய் வராது என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வாடல் நோய் ஒருமுறை குடிவந்துவிட்டால் காலி செய்யவே செய்யாது. மழைத் தண்ணீரிலும் வாய்க்கால் தண்ணீரிலும் நீந்தி வந்து வேரைப் பிடிக்கும். காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் தலைசாயும். இழுத்தால் அழுகிய வெங்காயத்தாள் போலக் கையோடு வந்துவிடும். மருந்தடித்து மருந்தடித்து ஜிவ்கோவின் கைத்தோல்தான் உரிந்தது. போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் அவன் சொல்லிவிட்டான்: நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஜெர்மனி போகிறேன், காசெல் ஊரில் மச்சான் கிடங்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான், முதலில் நான் போகிறேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம். அவன் மனைவி தோன்கா ரொட்டி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. ரொட்டியோ மேசைமேல்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் நெவேனா வாய்விட்டுக் கெஞ்சினாள். பிளோவ்திவ் ஆராய்ச்சி நிலையத்தில் வேரில் வாழும் நல்ல பூஞ்சைகளோடு பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். ஊர்ஊராகப் போய்ப் பேசியிருக்கிறாள், சொந்தத் தம்பி மட்டும் தன் வயலில் அவளைக் காலடி வைக்க விட்டதில்லை. "ஒரே ஒரு பருவம் குடுடா. அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ" என்றாள். "உன் காளானுக்கு ஒரு பருவம். தோத்துட்டா என்னைத் தடுக்கக் கூடாது" என்றான் ஜிவ்கோ. பூஞ்சையை அவன் காளான் என்றுதான் சொல்வான், வேண்டுமென்றே.

பாதி நாற்றுகளைப் பூஞ்சை கலந்த மண்ணில் அவள் வளர்த்துக் கொடுத்தாள். மீதிப் பாதி வெறும் மண்ணில். பூஞ்சை போட்டதையும் போடாததையும் வரிசைக்கு வரிசை மாற்றி நட வேண்டும் என்பது அவள் கணக்கு. "மாத்தி மாத்தி நட நான் என்ன பூவேலையா பண்றேன்?" என்று ஜிவ்கோ மறுத்துவிட்டான். கடைசியில் மேட்டுப் பக்கம் பூஞ்சை போட்டவை, வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் போடாதவை என்று முடிந்தது. நெவேனா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது தப்பு என்று அன்று ராத்திரியே தெரிந்தது. ஆனால் தம்பி சம்மதித்ததே பெரிய காரியமாக இருந்த நேரம் அது.

இப்போது மேட்டைப் பார்த்தாள். அங்கே செடிகள் ஜோராக நின்றன. "ஜிவ்கோ! அங்க பார்றா, ஒண்ணுகூடச் சாயல!" என்று சின்னப்பெண் போலக் கத்திவிட்டாள்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டிருக்க?"

"அக்கா, அது மேடு." அவன் சிகரெட்டை மண்ணில் நசுக்கினான். "தண்ணி நிக்காது. தண்ணி நிக்காத எடத்துல இந்த நோய் வராதுன்னு நீதான் எனக்குப் பாடம் எடுத்த. உன் காளான் காப்பாத்தல, மேடு காப்பாத்துச்சு. நாளைக்கு உன் ஆபீஸ்லயே யாராவது இதத்தான கேப்பான்?"

கேட்பான். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஒரு பருவம் முழுக்க ஓடி ஓடிப் பார்த்ததற்கு ஒன்றும் சொல்ல முடியாத பதில். அவள் வேலைக்கு இது ஒரு சறுக்கல், அவ்வளவுதான். அடுத்த வருஷம் வேறு வயல் கிடைக்கும். தம்பிக்குத்தான் அடுத்த வருஷம் இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு அறுவடைவரைகூடப் பொறுமையில்லாமல் போன மாதமே அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். மஞ்சள் நாடா கட்டிய முளைக்குச்சிகள் வயலெங்கும் நின்றன.

"இதச் சொல்லத்தானா போன் பண்ணி வரச் சொன்ன?"

"இதுக்கில்ல. வா, பள்ளத்துக்குள்ள வா. எனக்குப் புரியல."

வாய்க்கால் ஓரத்திலிருந்து உள்ளே நடந்தார்கள். காலடியில் ஈர மண் சப்பென்று ஒட்டியது. இரண்டு பக்கமும் செத்த செடிகள். திடீரென்று, அந்தச் சாவுக்கு நட்டநடுவில், ஒரு பச்சைத் திட்டு. பத்துப் பன்னிரண்டு செடிகள், வட்டமாக, இலை விறைத்து, காய் கனத்து நின்றன. அதைத் தாண்டினால் மறுபடி செத்தவை. கொஞ்ச தூரம் போனால் இன்னொரு வட்டம். தள்ளி வேறொன்று. வாய்க்காலுக்கு ஆகப் பக்கத்தில், தண்ணீர் குளம்போல் தேங்கிக் காய்ந்த இடத்தில்கூட ஒன்று இருந்தது. அதன் நடுவில் அளவைக்காரர்கள் அடித்த முளைக்குச்சி ஒன்று மஞ்சள் நாடாவோடு நின்றது.

"இங்க மேடு இருக்கா?" என்று கேட்டாள் நெவேனா.

"கையளவுகூட இல்ல."

"வேற எரு, வேற மருந்து?"

"அக்கா, சத்தியமா ஒண்ணும் இல்ல. ஊர்ல ஒருத்தன் இது புதையல் இருக்கிற எடங்கிறான். இன்னொருத்தன் இடி விழுந்த எடங்கிறான். அதான் உன்னைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரி நீதானே!"

நெவேனா அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இது இருக்கவே கூடாது. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, விதை ஒன்று. நோய் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஏன்?

அந்த நேரத்தில்தான் தோன்கா தர்பூசணியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தாள். இரண்டு பேரும் செடியை விட்டு நகராமல் நிற்பதைக் கண்டதும் அவள் நடை தயங்கியது. "என்ன அண்ணி, அப்படிப் பாக்குறீங்க?"

"இந்த வட்டம் எப்படி வந்துதுன்னு பாக்குறேன், தோன்கா."

தோன்கா கூடையைக் கீழே வைத்தாள். வைத்த கை அதை விட்டு எழவில்லை. "நான்தான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"என்ன பண்ண?"

"நட்டு ஒரு வாரத்துல இங்க அங்க சில நாத்து பட்டுப் போச்சு. வரிசையில பொக்கை விழுந்த மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கத்து நாத்து ஒண்ணும் மிச்சமில்ல. உங்க நாத்துத் தட்டுல மிச்சம் இருந்துச்சு..."

"பூஞ்சை போட்ட தட்டுலயா?"

தோன்கா அந்த நாட்டு வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். ஆமாம்.

"அட கடவுளே!" நெவேனாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தோன்கா, அதையும் இதையும் கலக்காதேன்னு! செத்தா சாகட்டும்னு விட்டிருக்கலாமே. ஒத்துப் பாக்க எனக்கு வேற என்ன இருக்கு? மொத்தத்தையும் கெடுத்துட்டியே!"

"எப்படி அண்ணி காலியா விடுறது?" தோன்காவின் குரல் உயர்ந்தது, கண் நிறைந்துவிட்டது. "நட்ட வரிசையில ஒரு எடம் காலியா கிடந்தா வீட்டு மேசையில ஒரு நாற்காலி காலியாகும்னு இந்த ஊர்ல எந்தப் பொம்பளைய வேணா கேளுங்க, சொல்லுவா. எந்த நாற்காலின்னு எனக்குத் தெரியும்ல? தெனம் காலையில வந்து அந்த ஓட்டையெல்லாம் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சும்மா இருக்கிறது?"

ஜிவ்கோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் தர்பூசணியைத் தொடவில்லை.

கோபம் தணிவதற்குள்ளேயே நெவேனாவின் மூளையில் ஏதோ ஒன்று திரும்பிக்கொண்டது. "நில்லு. எங்கெங்க வச்ச?"

"அதெல்லாம் ஞாபகமில்ல. ஆனா..." தோன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணேறு படக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் வேரடியில துளி சிவப்புக் கம்பளி நூல் வச்சுப் புதைச்சேன். சிரிக்காதீங்க."

சிரிக்க யாருக்குத் தோன்றும்! நெவேனா முழங்காலிட்டு வட்டத்தின் நடுச்செடியருகே கையாலேயே மண்ணை விலக்கத் தொடங்கினாள். மண்வெட்டி நீட்டிய தம்பியைத் தள்ளிப்போகச் சொன்னாள். விரல்நுனியில் முதலில் வேர்கள் தட்டுப்பட்டன, வெளுப்பாக, கெட்டியாக. பிறகு, மங்கிப்போன ஒரு சிவப்பு. நூல்தான். கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்து அவள் குனிந்தாள், மூக்கு மண்ணைத் தொடும்வரை.

வேரிலிருந்து கிளம்பிய வெள்ளைப் பூஞ்சை இழைகள், சிலந்தி நூலைவிடச் சன்னமானவை, கம்பளிக்குள் நுழைந்து அதைச் சுற்றிப் பின்னி மறுபக்கம் வெளியேறியிருந்தன. மார்ச் பிறந்தால் ஊரே மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை மண்ணுக்கடியில் யாரோ உட்கார்ந்து திரித்ததுபோல இருந்தது. நெவேனா எத்தனையோ ஆயிரம் வேர்களைப் பார்த்தவள், அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த செடியைத் தோண்டினாள். அதில் நூல் இல்லை, அது வெறும் மண்ணில் வளர்ந்த நாற்று. ஆனால் வெள்ளை இழைகள் இருந்தன. அதற்கடுத்ததிலும். வட்டத்தின் கடைசிச் செடிவரை இருந்தன. அதற்கு அந்தப் பக்கத்துச் செத்த செடியில் ஒன்றுமில்லை, கறுத்த சேறுதான்.

"இங்க வரைக்கும்தான் நடந்து வந்திருக்கு" என்றாள் மெல்ல. தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. "அதுக்குள்ள நோய் வந்துடுச்சு."

"எது நடந்து வந்துச்சு?" ஜிவ்கோ பக்கத்தில் குத்துக்காலிட்டான். "அவ வச்சது ஒரே செடி. சுத்தி இத்தனை பேரு எப்படிப் பொழைச்சாங்க?"

"வேருக்கு வேர் கை கோத்துக்கிட்டிருக்கு. ஒரு செடிக்கு நோய் பட்டதும் இது வழியா அடுத்ததுக்குச் சேதி போகுது. கதவ அடைச்சுக்கோன்னு. பக்கத்து வீட்டு நாய் குரைச்சா நம்ம வீட்டு நாய் எழுந்திருக்கும்ல? லேப்ல சாயம் போட்டுப் பாக்கணும், அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. ஆனா இது... இத நான் தொட்டியில பாத்திருக்கேன்டா. வயல்ல, இவ்வளவு தண்ணியில, பாத்ததே இல்ல." அவள் குரல் உடைந்தது. வெட்கமே இல்லாமல் அழுதாள். "மேடுன்னு சொன்னல்ல, இப்பச் சொல்லு!"

ஜிவ்கோ கையை நீட்டினான். லென்ஸை வாங்கினான். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறந்ததிலிருந்து மிதித்துத் திரிந்த மண் அது. "அப்போ நான் தூங்கிட்டிருந்தப்ப என் வயலுக்குள்ள நாய் குரைச்சுக்கிட்டிருந்துச்சுங்கிற" என்றான் கடைசியில், சிரிக்கப் பார்த்து. சிரிப்பு வரவில்லை. எழுந்தவன் ஓர் அடி எடுத்து வைக்கப்போய்க் காலை அந்தரத்திலேயே நிறுத்தினான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலும். தோன்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "மிதிச்சா கடிக்காது, வையி" என்றாள்.

அவன் காலை வைத்தான், பார்த்துப் பார்த்து. வாய்க்கால் ஓரத்து வட்டத்துக்குப் போனான். அதன் நடுவிலிருந்த முளைக்குச்சியின் முன் மண்டியிட்டு நாடாவோடு சேர்த்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். உறுதியாக அடித்திருந்தார்கள்.

"அக்கா" என்றான், திரும்பாமல். "இத வெடுக்குன்னு இழுத்தா கீழ இருக்கிற இழை அறுந்துடுமா?"

"கொஞ்சம் அறும். அப்புறம் அதுவே ஒட்டிக்கும்."

"கொஞ்சம்கூட அறாம எடுக்க முடியாதா?"

தோன்கா ஓடிவந்து எதிரே உட்கார்ந்து, குச்சியைச் சுற்றி மண்ணை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஜிவ்கோ குச்சியை இழுக்கவில்லை. குழந்தையின் ஆடும் பல்லைத் தொடுவதுபோல இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினான். மஞ்சள் நாடா அவன் மணிக்கட்டில் உரசிக்கொண்டிருந்தது. மண் இன்னும் விடவில்லை.