ஞாயிற்றுக்கிழமை வரை இருந்த பேனர்

கஜபதிக்கு உலகத்தில் முழு நம்பிக்கை ஒரே ஒரு பொருள் மேல்தான்: ஃப்ளெக்ஸ் பேனர். பெண்ணுக்குச் சடங்கென்றாலும் பேனர், மச்சானுக்குக் கல்யாணமென்றாலும் பேனர். செத்தவர்கள்கூட பேனரில் ஏறினால்தான் நிம்மதியாகப் போய்ச் சேர்வார்கள் என்பது அவன் கட்சி.

பாடி ஃபேக்டரி ஒன்றில் லேத் ஓட்டும் அவனை ஏரிக்கரைத் தெரு தன் பட்டா போராட்டக் குழுவுக்குச் செயலாளராக்கி வைத்திருந்தது. மைக் இல்லாமலே பேசுவான் என்பதுதான் தகுதி.

அறிவுக்கு ஹில்டா இருந்தாள். பெல்ஜியத்துக்காரி. வயல்வேலை செய்த குடும்பங்கள் ஃபேக்டரி வேலைக்கு எப்படி மாறின என்று ஆராய ஒரு வருஷத்துக்கு வந்தவள், பக்கத்திலேயே கோவில்பதாகை ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து ஆறு வருஷம் தங்கிவிட்டாள். பழைய நிலப் பதிவேடுகளைப் புரட்டி, ஆக்கிரமிப்பென்று அரசாங்கம் இடிக்கப் பார்த்த தெருவின் அறுபது வீடுகளும் ஏரி எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஊர்வலத்தில் தெருவின் மூத்தவள் அஞ்சலையோடு கடைசி வரிசையில் நடப்பாள். முதல் நாளே சொல்லியிருந்தாள்:

"கஜபதிண்ணே, என் பேரு, போட்டோ எங்கியும் வரக் கூடாது. விசா போயிடும்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

வீடுகளை இடிப்பதை மூன்று மாதம் நிறுத்தி வைத்து உத்தரவு வந்ததும் அவன் கை சும்மா இருக்கவில்லை. நெமிலிச்சேரி ரயில்வே ஸ்டேஷன் அருகே பத்தடிக்கு எட்டடியில் பேனர் எழுந்தது. நடுவில் கை உயர்த்திய ஹில்டா. மேலே 'ஏரிக்கரை காத்த வீரத்தாயே'. அடி வாங்கி, வெயிலில் நின்ற பெண்களெல்லாம் கீழே கடலை அளவு வட்டங்களில். மூலையில், ஹில்டாவில் முக்கால் பங்குக்கு, கூலிங் கிளாஸ் போட்டு செல்போனைக் காதில் வைத்தபடி கஜபதி. அந்த போனில் அன்றைக்கு சார்ஜ்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை அதைப் பார்த்த ஹில்டா உடனே கழற்றச் சொன்னாள். காலையில் கழற்றுவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் கூட்டம் அதிகம், அதுவரை இருக்கட்டுமே என்று மனசு கெஞ்சியது. இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஹில்டா வீட்டுக்கு விசாரணை அதிகாரி வந்தார். செயலாளர் என்று கஜபதியையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆராய்ச்சி விசாவில் வந்தவர் போராட்டத்துக்குத் தலைவியானது எப்படி என்று மரியாதையாகவே கேட்டவர், போனில் பேனரின் படத்தைக் காட்டினார். யார் வைத்தது?

"யாரோ சின்னப் பசங்க சார்," என்றான் கஜபதி.

அதிகாரி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, போனை அவன் பக்கம் திருப்பி வைத்தார். கூலிங் கிளாஸ் கஜபதி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் திட்டியிருக்கலாம். ஹில்டாவாவது முறைத்திருக்கலாம். அவளோ, தானே பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போலத் தரையைப் பார்த்தாள்.

"நான் ஊர்வலத்துல நடந்தது உண்மை சார்," என்றாள்.

விசா நீட்டிப்பு இல்லை, மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும் என்று கடிதம் வந்தது.

குழுக் கூட்டத்தில், இது பெரிய இடத்துச் சதி என்று பெண்கள் கொதித்தார்கள். கஜபதிக்கு அது வசதியாகத்தான் இருந்தது; ஒரு கோஷம்கூட வாய்க்குள் தயாராகிவிட்டது. ஆனால் அஞ்சலை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சதியெல்லாம் இல்லக்கா. பேனர்தான்."

"ஹில்டா கழட்ட சொல்லுச்சா?"

"வெள்ளிக்கெழமையே சொல்லுச்சு. நான்தான் ஞாயித்துக்கெழம வரிக்கும் வுட்டுட்டேன்."

"இன்னாத்துக்குடா?"

"என் மூஞ்சி இருந்துச்சிக்கா அதுல."

யாரும் திட்டவில்லை. அஞ்சலை புடவையை உதறி எழுந்தாள். மூட்டை கட்ட ஒத்தாசை பண்ணலாம் என்று எல்லோரும் ஹில்டா வீட்டுக்கு நடந்தார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. இருபதடி பின்னால் போய், வாசலில் குவிந்த செருப்புகளுக்கு நடுவில் நின்றான்.

ஹில்டா எட்டிப் பார்த்தாள்.

"உள்ள வாங்கண்ணே. பீரோவ நவுத்தணும், ஆள் பத்தல."

உள்ளே போனான். முன்பக்கம் இடமிருந்தும், சுவரோரமாக நுழைந்து பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அங்கே நின்றால் முகம் யாருக்கும் தெரியாது.