உருண்டை மந்தாரை

பூவே இல்லாத மந்தாரைக்குப் பெயர் சொல் என்றால் நான் எங்கே போவது? இலை இரண்டாகப் பிளந்திருக்கிறது, அதனால் மந்தாரைதான், அதில் சந்தேகமில்லை. வெள்ளை மந்தாரையா ஊதா மந்தாரையா என்பதைப் பூதான் சொல்ல வேண்டும். அந்தப் பூவை எட்டிப் பார்க்கவே விடாமல் கத்தரித்துக்கொண்டிருப்பவன் என் கூடப்பிறந்த அண்ணன்.

இந்தப் பழைய பூங்காவில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் இன்னது என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. முதன்முதலில் பூங்காவை அமைத்தவர்கள் வரைந்த வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள மரங்கள் மட்டும் இருக்கட்டும், பிற்பாடு யார் யாரோ கொண்டுவந்து நட்டதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று பராமரிப்புக் குழு முடிவு செய்துவிட்டது. வாசல் அருகே வெள்ளை மந்தாரை என்கிறது வரைபடம். அங்கே நிற்பது அதுதானா என்று தெரிந்துவிட்டால் என் வேலை முடிந்தது. மற்ற எல்லா மரங்களுக்கும் பெயர் கொடுத்தாயிற்று. இது ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள்.

அண்ணன் இங்கே தோட்டக்காரர்களுக்கு மேஸ்திரி. வாசல் மரம் உருண்டையாக இருக்க வேண்டும் என்று அதே வரைபடத்தில் போட்டிருக்கிறது. அவனுக்கு இது போதாதா? ஓர் இலை வெளியே நீட்டினால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

"அண்ணா, ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டுவை. பூத்ததும் வெட்டிக்கோ."

"உருண்டைல ஒரு கொம்பு நீட்டிக்கிட்டு நின்னா பாக்கறவன் என்னைத்தான் கேப்பான், பாப்பா."

"வேலை செய்யற இடத்துல பாப்பான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க மேடம். ஆனா வெட்டத்தான் வெட்டுவேன்."

வருடக்கணக்கில் இதே மல்லுக்கட்டு. அண்ணியிடம் போய் முறையிட்டால், "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வீட்டு வாசல்ல இருக்கற செடியவும் அப்படித்தான் மொட்டையடிச்சு வச்சிருக்கார்" என்றாள். ஆனால் வழி செய்தவளும் அவள்தான். அவனிடம் என்ன சொன்னாளோ தெரியாது, சுவர்ப் பக்கமாக, அதிகம் கண்ணில் படாத ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்தான். விட்டானே தவிர, அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முணுமுணுப்புதான்.

அந்தக் கிளை, குழு பார்வையிட வருகிற நாள் காலையாகப் பார்த்துப் பூத்துத் தொலைத்தது.

ஏணிப் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணன் என்னைக் கையாட்டிக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். ஊதா. தூரத்தில் இருந்து பார்த்தாலும் வெள்ளை என்று யாரும் சாதிக்க முடியாத ஊதா.

"பாத்தியா? இத்தனை வருஷமா என் கையாலயே வெட்டிப் போட்டிருக்கேன். உள்ள இது இருந்திருக்கு பாரேன்." அவன் குரலே மாறியிருந்தது. "வர்றவங்களுக்கு நானே கூட்டிட்டு வந்து காட்டப்போறேன்."

"அண்ணா, வரைபடத்துல இருக்கறது வெள்ளை. இது பின்னாடி யாரோ வச்சது."

"அதனால?"

"அதனால இந்த மரத்தையே எடுத்துடச் சொல்லுவாங்க. உன்கிட்டதான் சொல்லுவாங்க."

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது. குழுவின் மேல், வரைபடத்தின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா நின்ற மரத்தைப் பூக்க வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற என் மேல்.

"அந்தக் கிளையை வெட்டிடு அண்ணா. அவங்க வர்றதுக்குள்ள. பூவைப் பாக்கலைன்னா மரத்தை விட்டுருவாங்க."

"மாட்டேன்."

"வெட்டாதேன்னு கெஞ்சினப்ப கேட்டியா? இப்ப வெட்டுன்னா மாட்டேங்கற."

"அப்ப நான் பூவைப் பாக்கல."

இவனோடு பேசி ஜெயிக்க முடியுமா? கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கிக்கொண்டு நானே ஏறினேன். ஏணி ஆடியது. அவன் வந்து அதைப் பிடித்துக்கொண்டான். கிளை அவன் தோளில்தான் விழுந்தது. பூக்களை வாரிக் கூடையில் போட்டு மேலே சருகைப் பரப்பினான்.

குழுத் தலைவர் ஆட்களோடு வந்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னுமா இது என்னன்னு கண்டுபிடிக்கல?"

"மந்தாரைங்க. எந்த மந்தாரைன்னு தெரியல."

"இவ்வளவு படிச்சிட்டு ஒரு மரத்துக்குப் பேர் சொல்ல முடியலயா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் நாக்கு நுனியில் நின்றது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொன்னதில்லை. விழுங்கிக்கொண்டேன்.

"சரி, தெரியற வரைக்கும் இருக்கட்டும். மேஸ்திரி, உருண்டை கலையாம பாத்துக்குங்க. சுவர்ப் பக்கம் கோணலா இருக்கு பாருங்க."

"பாத்துக்கறேன் சார்."

அவர்கள் அடுத்த பாதைக்குப் போன பிறகும் அண்ணன் அங்கேயே நின்றான்.

"இனிமே பூக்கவே விடக்கூடாதா, பாப்பா?"

"விடக்கூடாது."

கத்தரிக்காகக் கையை நீட்டினான். கொடுத்தேன். ஏணியில் ஏறி, சுவர்ப் பக்கத்துக் கோணலை நேராக்கத் தொடங்கினான்.